மாஷிக்குக் கொடுத்த போன்

மகளுக்கு ஒன்றரை வயதானபோது சால்ட் லேக்கில் என் அரசு அலுவலகத்துக்குத் திரும்பினேன். டாலிகஞ்ச் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆயா சென்டரிலிருந்து ஒருவர் வந்தார். நாங்கள் அவரை மாஷி, வங்காளியில் சித்தி, என்று அழைத்தோம். அவருக்கு நான் பௌதி, அதாவது அண்ணி.

நல்ல மனுஷிதான். எனக்குத்தான் நிம்மதி இல்லை. துர்கா பூஜைக்குப் புடவையோடு என் பழைய போனையும் அவருக்குக் கொடுத்தேன். அதற்கு முன், அருகில் பேசுவதை எனக்குக் கேட்கச் செய்யும் ஒரு செயலியை அதில் ஒளித்து வைத்தேன்.

"நம்ம போன், நம்ம குழந்தை. இதுல என்ன தப்பு?" என்றார் கணவர்.

மதிய இடைவேளையில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். மாஷி வாழைப்பழம் மசித்து ஊட்டுவார், மகள் சிரிப்பாள். குறையே இல்லை. செயலியை அப்போதே நீக்கியிருக்கலாம். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று விட்டுவைத்தேன்.

போன் மாஷியோடு அவர் வீட்டுக்கும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். கணவர் சீக்கிரம் வந்து மாஷியை அனுப்பிவிட்ட ஒரு மாலை, நான் மெட்ரோவில் வரும்போது, அவர் தன் வீட்டில் தங்கையிடம் பேசுவது கேட்டது. மார்பில் கட்டி. வெளியே சொன்னால் வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்றார்.

அந்த மாதம்தான் ரகசியக் கண்காணிப்புச் செயலிகளைக் கட்டுப்படுத்தும் வரைவு விதிகள் எங்கள் பிரிவுக்கு வந்தன. பொதுமக்களின் கருத்துகளைத் தொகுப்பது என் வேலை. கருவியின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்றது விதி. பரிசாகக் கொடுத்த போனுக்கு யார் உரிமையாளர் என்று ஒருவர் கேட்டிருந்தார். பரிசைப் பெற்றுக்கொண்டவரே என்று குறிப்பு எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினேன்.

வீட்டில் மாஷியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். களைப்பாகத் தெரிகிறீர்கள், ஒரு செக்கப் செய்யலாமே என்றேன். மாஷி சிரித்து மழுப்பினார். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு காலை, அவர் என் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"மாஷி, அந்தக் கட்டிய டாக்டர்கிட்ட காட்டணும். நானும் கூட வரேன். வேலை எங்கயும் போகாது."

சீப்பு நின்றது. "பௌதி, இத நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

போனைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"என் வீட்டுலயும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

மருத்துவமனைக்கு என்னோடு வந்தார். கட்டியை எடுத்துப் பரிசோதித்து, பயமில்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்து வேலைக்கும் திரும்பினார். போனை வாங்கி, அவர் கண்முன்னால் செயலியை நீக்கி நீட்டினேன். அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இன்றும் வருகிறார். ஆனால் எங்கள் வீட்டில் அவர் குரல் எழுவதில்லை. கதையைக்கூட மகளின் காதோடு காதாகச் சொல்கிறார். நேற்று மகளுக்குத் தாகம். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு என் கழுத்தை வளைத்து இழுத்து, தண்ணீர் வேண்டும் என்று காதில் கிசுகிசுத்தாள்.