புள்ளியியல் தாளும் யும்னாவின் நிக்காஹும்

ஆஸ்மா பட்டப்படிப்பில் சேர்ந்தபோது அவள் மகள் யும்னா உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தாள். யும்னா உயர்நிலையை முடித்தாள், பாலிடெக்னிக் முடித்தாள், பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கினாள், வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அம்மா மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

வேலை பார்ப்பவர்கள் மாலையில் போய்ப் படிக்கும் பல்கலைக்கழகம் அது. எட்டு வருடம் வரை அவகாசம் தருவார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு தனியார் மருத்துவரின் மருந்தக முன்மேசையில் பதினெட்டு வயதிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு எட்டு வருடம் என்பது தாராளமாகத்தான் தோன்றியது. ஆனால் முதல் வருடத்திலேயே மாமனார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு பருவத்தை விட்டாள். மகன் உமைருக்குத் தொடக்கநிலை ஆறின் தேர்வு வந்தது. இன்னொரு பருவம். கணவர் அப்துல் கையூமுக்கு நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தார்கள். அது இரண்டு பருவங்களைக் கொண்டுபோயிற்று. எதையும் தொடங்கிப் பாதியில் எழுந்து போவது ஆஸ்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. அடுப்பிலிருந்து எழுந்து கதவுக்கு, கதவிலிருந்து தொலைபேசிக்கு, தொழுகை முடிந்த கையோடு யாரோ ஒருவரின் மாத்திரைக்கு. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவள் எடுத்தது உளவியல். பாடங்கள் பிடித்திருந்தன. குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள், வயதானவர்கள் ஏன் மறக்கிறார்கள் என்பதையெல்லாம் செங்காங் வீட்டிலிருந்து ரயிலில் போகும்போதே படித்துவிடுவாள். மாட்டிக்கொண்டது புள்ளியியலில். பட்டம் வேண்டுமென்றால் மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் புள்ளியியலில் தேறியே ஆகவேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் விட்டாள்.

மூன்றாவது முறை யும்னாதான் சொல்லிக்கொடுத்தாள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, பால் சேர்க்காத தே ஓ கலந்துகொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். பொறுமை கொஞ்சம் குறைவு.

"உம்மா, இதை நேத்தும் சொன்னேன் லா."

"நேத்து சொன்னது நேத்தே போயிருச்சு. திரும்பச் சொல்லு."

அப்போது யும்னாவுக்கு ரமீஸைப் பேசி முடித்திருந்தார்கள். மேசையின் ஒரு பாதியில் கல்யாண அழைப்பிதழ்கள், மறுபாதியில் பாடப்புத்தகம். அழைப்பு விஷயத்தில் வீட்டில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. நேரில் போய்த்தான் அழைக்கவேண்டும் என்பது கையூமின் அக்கா சபுராவின் கட்சி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்பது உமைரின் கட்சி. யும்னா அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டாள்.

"சரி, பாருங்க. நேர்ல போய் அழைச்சவங்கள்ல எத்தனை பேர் வர்றாங்க, வாட்ஸ்அப்ல அழைச்சவங்கள்ல எத்தனை பேர் வர்றாங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் நெசமான வித்தியாசமா, இல்ல சும்மா அப்படி அமைஞ்சதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் கை ஸ்குவேர்ங்கற சோதனை."

"நெசமான வித்தியாசந்தான். உங்க மாமி நேர்ல போய் நின்னா யாரு வரமாட்டேன்னு சொல்லுவா?"

"கணக்குப் போட்டுச் சொல்லுங்க உம்மா."

ஆஸ்மா கணக்குப் போட்டாள். முதல் முறையாக அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு முறை போட்டாள், உறுதிப்படுத்திக்கொள்ள.

தேர்வு அட்டவணை வெளிவந்தபோது அழைப்பிதழ்கள் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தன. நிக்காஹ் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, டன்லப் தெருப் பள்ளிவாசலில். விருந்து ஜாலான் புசாரில் ஒரு மண்டபத்தில். புள்ளியியல் தாளும் அதே சனிக்கிழமை, ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை, தீவின் மேற்கு முனையில்.

மறுநாள் மதிய இடைவேளையில் ஆஸ்மா பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசினாள். எதிர்முனையில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். தேர்வைத் தள்ளிவைக்கக் காரணங்கள் உண்டு: மருத்துவமனையில் சேர்வது, நெருங்கிய உறவில் மரணம், தேசிய சேவைக்கு அழைப்பு, சொந்தத் திருமணம். மகளின் திருமணம் அதில் இல்லை. அடுத்த பருவத்தில் எழுதலாமே என்றால், எட்டு வருடம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அதன்பிறகு எடுத்த பாடங்கள் எல்லாம் எடுத்தவையாகவே இருக்கும். பட்டம் கிடையாது.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னாள். கையூம் பருப்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"சொந்தக் கல்யாணம்னா மாத்துவாங்களாமா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப அன்னைக்கே ஒனக்கும் எனக்கும் இன்னொரு தடவை நிக்காஹ் பண்ணிரச் சொல்லலாம். நிக்காஹ் நடத்திவைக்கக் காதி எப்படியும் வர்றாரு."

"ஒரு தடவை பண்ணதே போதும். சாப்பிடுங்க."

யும்னா தட்டைத் தள்ளிவைத்தாள். "தேதியை மாத்துங்க வாப்பா."

"மண்டபம் வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது, மவளே."

வார இறுதியில் சபுரா வந்தாள். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

"ஏன் ஆஸ்மா, பொண்ணு நிக்காஹ் அன்னைக்கு அம்மாக்காரி பரீட்சை எழுதப் போறாளாமே. கேட்டவங்க என்ன சொல்லுவாங்க?"

கையூம்தான் பதில் சொன்னார். "பாஸாயிட்டாளான்னு கேப்பாங்க லாத்தா."

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு. அம்பது வயசுல பட்டம் வாங்கி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

ஆஸ்மா உள்ளே போய்த் தேநீர் கலந்தாள். பட்டத்தால் சம்பளம் ஏறாது. மருந்தகத்தில் அதே நாற்காலிதான். ஒன்றைத் தொடங்கினாள், அதை முடிக்கவேண்டும், அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று பட்டது.

மிச்சமிருந்தது சம்பந்தி வீடு. மாப்பிள்ளையின் அம்மா ரஷீதா அளந்து பேசுகிறவர். கேலாங்கில் அவர் வீட்டுக் கூடத்தில், கையூமும் ஆஸ்மாவும் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு பலகாரத் தட்டை இவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"நிக்காஹ்ல நமக்கு என்ன வேலை, சம்மந்தி? பொண்ணுக்கு வலியா, பொறுப்பாளியா இருந்து கையைப் புடிச்சுக் குடுக்கறது அவ அத்தா. நீங்களும் நானும் மேல பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து ஸ்பீக்கர்ல கேக்கப்போறோம். அதுக்காக எட்டு வருசத்தை விட்டுருவீங்களா?"

ஆஸ்மா தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் நமக்கு என்ன வேலை என்ற சொல் எங்கோ தைத்தது.

ரஷீதா அதைக் கவனித்திருக்கவேண்டும். "ஆனா பக்கத்துல உக்காரணும், அது வேற," என்றார். "அரைமணி நேரம் தள்ளிவைக்கச் சொல்றேன். காதிக்கு ஒரு மணிக்கு இங்க கேலாங்ல இன்னொரு நிக்காஹ் இருக்கு. அதுக்கு மேல கேக்க முடியாது."

ஆகவே ஏற்பாடு இதுதான். தேர்வில் கடைசி அரைமணி நேரம் யாரையும் வெளியே விடமாட்டார்கள். அதற்கு முன்பே, பதினொன்றுக்கு, ஆஸ்மா எழுந்துவிடுவாள். டாக்சி பிடித்தால் பதினொன்றரைக்குப் பள்ளிவாசல்.

சனிக்கிழமை காலையில் யும்னாவுக்கு ஒப்பனை செய்ய ஆள் வந்துவிட்டது. ஒரு கண்ணுக்கு மை போட்டு முடித்து மறு கண்ணுக்குப் போகும் நேரத்தில் ஆஸ்மா பட்டுச்சேலையில், கையில் பேனாப் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"பாதியில எழுந்து வந்துராதீங்க உம்மா."

"பாதியில எங்க? முக்கால்வாசி முடிச்சிருவேன்."

"முக்கால்வாசி போதாது. போன தடவையும் முக்கால்வாசிதான் எழுதுனீங்க."

"ஆடாதே, மை கோணிக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தேர்வுக் கூடத்தில் அவளைத் திரும்பிப் பார்க்காதவர்கள் இல்லை. முழங்கை வரை மருதாணி, மயில் கழுத்து நிறத்தில் பட்டு, தலையில் அதற்கேற்ற முக்காடு. மேற்பார்வையாளர் அடையாள அட்டையில் இருந்த முகத்தையும் அவளையும் இரண்டு முறை பார்த்தார். பக்கத்து மேசை இளைஞன் அரைக்கால்சட்டையில் வந்திருந்தான். கைப்பேசியை அணைத்து, பையை முன்னால் வைத்துவிட்டு ஆஸ்மா உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு கேள்விகள் நேரத்தை விழுங்கிவிட்டன. மூன்றாவதைப் பாதி விட்டாள். நான்காவதை முடித்தபோது மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் சொன்னார், வெளியேற விரும்புகிறவர்கள் இப்போதே வெளியேறலாம் என்று.

மிச்சமிருந்தது கடைசிக் கேள்வி ஒன்று, பெரியது. அதைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விதமாக அழைக்கப்பட்ட இரண்டு குழுக்கள். கடிதம் மூலம் மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள், தொலைபேசியில் அழைக்கப்பட்டவர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை. வித்தியாசம் உண்மையானதா?

தெரியாத கேள்வியாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாள். நாற்காலியைக்கூடப் பின்னால் தள்ளியிருந்தாள். இது சபுராவுக்கும் உமைருக்கும் நடந்த தகராறு. இது சாப்பாட்டு மேசை, அழைப்பிதழ் அடுக்கு, யும்னாவின் ஆறிப்போன தே ஓ. அந்தப் பிள்ளை வேலை முடித்து வந்து, கண் செருகச் செருகச் சொல்லிக்கொடுத்தது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேசைமேசையாகத் தாள்களைச் சேகரித்து, எண்ணி, போகலாம் என்று சொல்லும்வரை எல்லாரும் உட்கார்ந்திருக்கவேண்டியிருந்தது. வெளியே வந்து டாக்சியில் ஏறியதும் கையூமை அழைத்தாள். எடுக்கவில்லை. பள்ளிவாசலுக்குள் கைப்பேசியை அணைத்திருப்பார். வேறு யாரையும் அழைக்கவில்லை. முடிந்திருக்கும். இந்நேரம் துஆ ஓதி, பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டுநரான சீனப் பெரியவர் கண்ணாடியில் பார்த்து, உனக்கா கல்யாணம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மகளுக்கு என்றாள். தாமதமா என்றார். ஆமாம் என்றாள். அவர் வேகத்தைக் கூட்டினார். விரைவுச்சாலையில் மரங்கள் ஓடின. அழுதால் மை கரையும் என்று கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு வந்தாள்.

டன்லப் தெருவில் இறங்கியபோது பள்ளிவாசல் முற்றத்தில் செருப்புகள் அப்படியே கிடந்தன. ஒருவரும் வெளியே வந்திருக்கவில்லை. கீழே கூடத்தில் ரமீஸ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. ஆண்கள் வட்டமாக அமர்ந்து தணிந்த குரலில் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே பெண்கள் பகுதியின் வாசலில் ரஷீதா நின்றிருந்தார். ஆஸ்மாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாங்க சம்மந்தி. உங்க மவ செஞ்ச காரியத்தைக் கேளுங்க."

"என்ன ஆச்சு?"

"காதி மேல வந்து சம்மதமான்னு கேட்டாரு. இவ தலையைக் குனிஞ்சா. நல்ல மனுசர், வெக்கமா இருந்தா பேசவேணாம்மா, பேசாம இருந்தாலே அது சம்மதந்தான்னாரு. அப்படி முடிஞ்சுபோயிருமோன்னு பயந்துட்டாளோ என்னவோ, நிமிந்து சத்தமாச் சொல்லிட்டா. இல்ல, உம்மா வரட்டும்னு. கீழ இருக்கறவங்களுக்கெல்லாம் கேட்டுருச்சு. எம் மவன் மொகத்தைப் பாத்தீங்கல்ல?"

"உங்களுக்குக் கோவமா?"

"எனக்கு ஒரு மருமவ வர்றா. அவளுக்கு வாய் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார் ரஷீதா. அது கோபமா இல்லையா என்று ஆஸ்மாவுக்கு விளங்கவில்லை. ஆனால் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

சபுரா சுவரோரம் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்மாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. மூச்சு வாங்குது பாரு ஒனக்கு."

ஆஸ்மா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மருதாணிக் கைகளும் தொட்டுக்கொண்டன. கையூமும் இரண்டு சாட்சிகளும் பின்தொடரக் காதி மறுபடியும் படியேறி வந்தார். கேலாங்கிலிருந்து அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது போலும், கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டே வந்தார்.

"இப்ப கேக்கலாமாம்மா?" என்றார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் யும்னா. கையூம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். "கடைசிக் கேள்வி எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். கை ஸ்குவேர்."

"முழுசா?"

"முழுசா."

யும்னா நிமிர்ந்து காதியைப் பார்த்து, சம்மதம் என்றாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. புள்ளியியலில் சி. தேறிவிட்டாள். மருந்தகத்தில் கூட்டமாக இருந்த நேரம். ஆஸ்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காத்திருந்த நோயாளிக்கு எண் எழுதிக்கொடுத்தாள். பிறகு மகளுக்கு ஒரு வரி அனுப்பினாள். அடுத்த நிமிடமே யும்னா அழைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சி தானே, அதுக்கு ஏன் அழுவுறே?" என்றாள் ஆஸ்மா. "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. சபுரா மாமியையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல வந்து அழைக்கணுமா, இது போதுமான்னு கேட்டுச் சொல்லு."