மாவுப் பற்கள்

"கொஞ்சம் சிரிங்க," என்கிறார். எதிரே நிற்பவர் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்க வந்தவர். சிரிப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் புலப்படவில்லை; இருந்தாலும் சிரித்து வைக்கிறார். "தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. வீட்டுல சொல்லலியா?" குழாய்க்காரர் முகத்தில் அசடு வழிகிறது. கல்யாணமான நாள் முதல் அவர் வீட்டில் நடக்கும் சண்டையே அதுதான்.

ஐம்பத்துமூன்று வயதாகும் இந்தப் பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியைக்கு யாரையும் கண்ணைப் பார்த்துப் பேசும் வழக்கமில்லை. பார்வை மூக்குக்குக் கீழேயே நின்றுவிடும். பெயரை மறந்துவிடுவார், பல்லை மறக்கமாட்டார். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிரிங்க மேடம்'. நாத்தனாருக்கு வேறு குறை. "எங்க அண்ணி பல் டாக்டர்னு பேருதான். இருபத்தாறு வருஷத்துல யாருக்காவது ஒரு பல்லைப் புடுங்கியிருக்காங்களான்னு கேளுங்க."

கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பிடுங்குவது அவர் வேலை இல்லை. யார் பல், எதனால், எந்த வேகத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதும், கண்டுபிடிக்கும் வழியைக் கற்றுக்கொடுப்பதுமே அவர் வேலை. அதில் பளபளப்பு கிடையாது. அதனால்தான் அவருடைய துறைக்குக் கல்லூரி தந்திருப்பது தரைக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. ஜெனரேட்டர் ஓடும்போது பாடத்தை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்.

அந்த அறையில் ஒரு சுவர் முழுக்கப் பற்கள். பேட்டரி ஆலையில் அமிலப் புகைக்குள் நின்று வேலை செய்யும் அறுபத்துநான்கு பேரின் வாய்கள், ஆண்டுக்கு ஒருமுறை அச்செடுத்து, கல்லாக இறுகும் மஞ்சள் கல்மாவில் வார்த்து, எண் ஒட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. நான்கு ஆண்டு வரிசை. முன்பல்லின் நுனி ஆண்டுக்காண்டு கரைவதை யாரும் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தொழிலாளர்கள் சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். ஆலை மேற்பார்வையாளர் ஒருமுறை, "எல்லாம் அவங்கவங்க தலைவிதி மேடம்," என்றார்.

"தலைவிதிக்கு முன்பல்லு மட்டும்தான் ருசிக்குமா சார்? உள்ள இருக்கிற கடவாய்ப்பல்லை ஏன் விட்டு வெச்சிருக்கு?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் இவர் பார்த்துவிட்டார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து விதியைப் பற்றிப் பேசுகிறவரின் பல், முத்து முத்தாக முழுசாக இருந்தது.

மாவு குழைத்து வார்ப்பவர், ஓய்வு பெற இரண்டு ஆண்டே மிச்சமுள்ள ஆய்வகத் தொழிலாளி. எல்லோருக்கும் அவர் மாவு அண்ணன். டாக்டரம்மாவுக்குப் பேராசிரியர் பதவி இரண்டு முறை தட்டிப்போனதில் அவரைவிட இவருக்குத்தான் வயிற்றெரிச்சல். சென்ற ஆண்டு கட்டாயம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னதும், கல்மாவிலேயே பெயர்ப்பலகை வார்த்துக் கொண்டுவந்து வைத்தார். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பேராசிரியர்'. பதவி மூன்றாம் முறையும் வரவில்லை. பலகை அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது.

இந்த ஆண்டு டாக்டரம்மாவின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது: அறுபத்துநான்கு பேரில் நாற்பத்தொரு பேருக்குப் பல் தேய்ந்திருக்கிறது. அந்த ஒரு கட்டுரையை நம்பித்தான் நான்காம் முறை விண்ணப்பித்தார். வயது வரம்புப்படி இதுவே கடைசி முறை.

நேர்காணலுக்குப் பத்து நாள் இருந்தது. வேறு யாராவது என்றால் நல்ல புடவையாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். இவர் எண்களைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, அளந்த பற்களையே மறுபடி அளந்துகொண்டிருந்தார். தன் கையைத் தானே நம்பக்கூடாது என்பது அவர் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். தாளைப் பிரித்து ஒப்பிட்டபோது, சென்ற ஆண்டின் பதினொரு அச்சுகள் மட்டும் முன்பு அளந்ததைவிடக் குட்டையாக இருந்தன. வாயில் இருக்கும் பல் தேயலாம். அலமாரியில் இருக்கும் பல் எப்படித் தேயும்? அளவுகருவியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். வெளிர்மஞ்சளாகத் தூள் ஒட்டியது.

"அண்ணே, இந்தப் பதினொண்ணு என்ன மாவு?"

மாவு அண்ணன் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அரைக்கு அரைம்மா. கல்மாவு பத்தல. ஸ்டோர்ல கேட்டா, மேல்மாடி இம்ப்ளாண்ட் டிபார்ட்மெண்டுக்குத்தான் மொதல்லன்னு கையை விரிச்சுட்டான். வெள்ளை மாவைக் கலந்துட்டேன்."

"அறுபத்துநாலு பேருக்கும் கணக்குப் பார்த்துத்தானே வாங்கினோம்? எப்படிப் பத்தாம போச்சு?"

 மாவு அண்ணன் கண் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய் வந்தது.

மெத்தென்ற மாவில் வார்த்த பல்லை மூன்று பேர் மாறி மாறி அளந்து சராசரி எடுத்திருந்தார்கள். கருவி பட்ட ஒவ்வொரு முறையும் நுனி உதிர்ந்திருக்கிறது. ஆலை தேய்த்ததோடு இவர்களும் தேய்த்திருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேருக்குத் தூள் உதிராத பழைய ஆண்டுகளின் அச்சுகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நாற்பத்தொன்று முப்பத்துநான்காகிறது.

"முப்பத்துநாலு பேரு போதாதாம்மா? இது யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மாவு அண்ணன்.

"நமக்குத் தெரிஞ்சுபோச்சே."

துறைத்தலைவர் தன்மையாகப் பேசினார். "திருத்தம் அனுப்ப வேண்டாம்னு சொல்லல. இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் அனுப்புங்களேன்."

"அதுக்குள்ள பல்லு வளர்ந்துடுமா சார்?"

கடிதம் அன்றே இதழுக்குப் போனது. பிரதி தேர்வுக் குழுவுக்கு. 'மாவின் தரத்தைச் சரிபார்க்காதது என் தவறு' என்று எழுதியிருந்தார். மாவு அண்ணனைப் பற்றி அதில் ஒரு எழுத்தில்லை. வீட்டில் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊருல அவனவன் செஞ்ச தப்பையே மறைக்கிறான். எங்க அண்ணி தேடிப்போய்க் கண்டுபிடிச்சு, தபால் செலவும் பண்றாங்க."

நேர்காணல் மேஜையில் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "கட்டுரையில பிழைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதை வெச்சு உங்களுக்குப் பதவி கொடுக்கிறது?"

"பிழையே இல்லைன்னு வர்றவங்க ரெண்டாவது தடவை அளந்து பார்க்கலைன்னு அர்த்தம் சார். நான் அளந்தேன்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். இவர் வழக்கம்போலப் பல்லைப் பார்த்தார். நான்கு செயற்கைப் பற்கள், நல்ல வேலைப்பாடு. அவற்றைப் பொருத்திய இம்ப்ளாண்ட் துறைக்காரருக்கே பதவி கிடைத்தது. அவருடைய ஆய்வில் தோல்வியே கிடையாது. பொருத்திய பல் விழுந்து, அதன்பின் திரும்பி வராதவர்களை அவர் எண்ணுவதில்லை. கையைச் சுட்டுக்கொள்ளாதவருக்கே சமையல்காரர் பட்டம் என்று தீர்ப்பளிக்கும் நாற்காலிகள், அடுப்பு எரியும் பக்கம் வருவதே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. பதினொரு தொழிலாளர்கள் மறுபடி அச்செடுக்க வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர்க்காரன் மேஜை முன் அரைநாள் உட்கார்ந்து வாங்கிவந்த கல்மாவு மூட்டையை மாவு அண்ணன் இறக்கி வைத்தார். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கீழ்த்தட்டிலிருந்து பெயர்ப்பலகையை எடுத்துச் சாக்கில் சுற்றப் போனார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"உடைச்சுப் போட்டுடறேம்மா. இதாலதான எல்லாம்."

"கொடுங்க இப்படி."

வாங்கி, அளவுகருவியின் முனையால் 'பே' என்ற எழுத்தின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். தூள் உதிரவில்லை. "நல்ல மாவுண்ணே," என்றார்.

முதல் தொழிலாளி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல அவர் கை வாயருகே நின்றது. அச்செடுத்து, மாவு ஊற்றிக் கவிழ்த்து வைக்கச் சமமான இடம் வேண்டும். டாக்டரம்மா பெயர்ப்பலகையை மேஜையில் குப்புறப் போட்டு, வழவழப்பான பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். பிறகு தொழிலாளி பக்கம் திரும்பி, "கொஞ்சம் சிரிங்க," என்றார்.