தொண்ணூற்றிரண்டு கிலோ

அந்த விமான நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. எல்லோருக்கும் கிலோ அக்காதான். பத்தொன்பது பேர் ஏறும் சின்ன விமானத்தில் பெட்டியை மட்டும் எடை பார்த்தால் போதாது, ஆளையும் தராசில் நிற்க வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை. "வயித்த எக்கினா எடை குறையாது சார், மூச்சு விடுங்க" என்று சிரிக்க வைத்துவிட்டு, முள் காட்டியதை எழுதிக்கொள்வாள். பிறகு அத்தனையும் கூட்டி லோட் ஷீட் போடுவாள். எத்தனை பேர், எத்தனை பெட்டி, எந்தச் சுமை முன்னால், எது பின்னால் என்றெல்லாம் சொல்லும் தாள் அது. அதில் அவள் கையெழுத்தும் கேப்டன் கையெழுத்தும் விழாமல் விமானம் ஓர் அடி நகராது.

அவள் வேலை பார்த்த கம்பெனி பிறந்ததே இன்னொரு கம்பெனியின் மிதப்பினால்தான். நாட்டின் தேசிய விமான கம்பெனிக்கு வெளிநாட்டு வழித்தடங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடுவது கௌரவக் குறைச்சல். யாரோ நாலு பேர் சேர்ந்து இரண்டு பழைய விமானங்களை வாங்கி அந்த வழிகளில் விட்டார்கள். முப்பது வருடம் முக்கி முனகி ஓட்டி, இருக்கைகள் நிறைய ஆரம்பித்ததும் பெரிய கம்பெனிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இந்த வருடம் சின்னதை அப்படியே விழுங்கிவிட்டார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பட்டியல் போட ஒரு டைரக்டரை அனுப்பினார்கள்.

யாரை அனுப்பினார்கள் என்கிறீர்கள்? அவனையேதான்!

ஒன்பது வருடத்துக்கு முன் இதே நிலையத்தில் மேனேஜராக இருந்தவன். அன்றைக்கு அவள் ஷீட் போட்டு முடிக்கும் நேரத்தில், தனக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதரின் வீட்டுக்குக் குளியலறை டைல்ஸ் பெட்டிகளை விமானத்தில் ஏற்றச் சொன்னான். நூற்று நாற்பது கிலோ. "ஷீட்ட மாத்தவேணாம், நான் பாத்துக்கறேன்" என்றான். மேனேஜரே சொல்கிறாரே என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். விமானம் ஓடியது, எழும்பவில்லை, ஓடுபாதை முடிந்து சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. யாரும் சாகவில்லை. கேப்டனுக்குக் கால் முறிந்தது. தீயணைப்பு வண்டியில் முதலில் போய்ச் சேர்ந்தவர், அதே நிலையத்தில் தீயணைப்பு வீரராக இருந்த அவள் கணவர். உடைந்த டைல்ஸை அவர்தான் சேற்றிலிருந்து வாரினார்.

விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "கவனக்குறைவா விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, சின்ன தண்டனையோட போயிடும். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன்னு சொன்னீங்கன்னா அன்னிக்கே வீட்டுக்குத்தான்" என்றான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னபடியே சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் தனக்கு எதுவுமே தெரியாது என்று சாதித்தான், பெரிய கம்பெனிக்குத் தாவினான், மேலே மேலே போனான். இவள் கோப்பில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. கவனக்குறைவாம்! தன் வீட்டு அரிசி டப்பாவைக்கூடக் கண்ணாலேயே எடை போடுகிறவள் அவள்.

வந்தவன் ஊழியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினான். அவள் முறை வந்ததும் கோப்பைப் புரட்டி, சிவப்பு மையில் விரலை வைத்து, "என்னம்மா இது, இப்படி ஒண்ணு இருக்கே?" என்று ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டான். "பெரிய கம்பெனியில இதெல்லாம் ஒத்துக்கமாட்டாங்களே. நாளைக்கு லிஸ்ட்ட குடுக்கணும். பார்ப்போம்."

மறுநாள் காலையில் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "விடும்மா, ஒன்பது வருஷம் ஆச்சு" என்றார்.

"உங்களுக்கு ஆச்சு. எனக்கு நேத்துதான் நடந்துச்சு. அந்தாள் நாசமாப் போறத நான் கண்ணால பாக்கணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தக் குரல் வந்துவிட்டால் அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஒன்பதரை மணி விமானம். அன்றைக்கு வெயில் காலையிலேயே கொளுத்தியது. சூடு ஏறினால் விமானம் தூக்கும் எடை குறையும். டைரக்டருக்கு ஒதுக்கிய இடத்தையும் எடையையும் சேர்த்துப் பத்தொன்பது இருக்கையும் நிறைந்து, பெட்டிகளும் ஏறிய பிறகு முப்பத்தைந்து கிலோதான் மிச்சம் இருந்தது. கடைசியாக வந்தவன் டைரக்டர். பின்னாலேயே தள்ளுவண்டியில் நாலு கோப்புப் பெட்டிகள். பெட்டிகளைத் தராசில் வைத்தாள். தொண்ணூற்றிரண்டு கிலோ.

"இது ஏறாது சார். அம்பத்தேழு கிலோ கூடுது."

"என்ன பெரிய அம்பத்தேழு! மத்தியானம் மீட்டிங், இந்தப் பெட்டி இல்லாம நான் போய் என்ன பண்றது? ஏத்துங்க. நான் பாத்துக்கறேன்."

மறுபடியும் அதே வார்த்தை! அவளுக்குக் காது சூடேறியது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. குரலைத் தேனாகக் குழைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னா கேப்டன் ஒத்துக்கமாட்டாங்க சார். டைரக்டர் நீங்களே கடைசி நேர மாற்றம்கிற கட்டத்துல ஒரு வரி எழுதிட்டீங்கன்னா யாரு கேக்கப்போறா?"

ஷீட் போட்டு முடித்த பிறகு எதையாவது கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால், அந்தக் கட்டத்தில் உத்தரவு போட்டவர் தன் கையால் எழுத வேண்டும். புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். அவனுக்கோ அவசரம், அதைவிட மண்டைக்கனம். தொண்ணூற்றிரண்டு கிலோ, என் உத்தரவு என்று எழுதிப் பெரிதாகக் கையெழுத்தும் இட்டான். அடியில் கார்பன் வைத்து இரண்டு நகல்கள் இருந்தன. அவள் ஒன்றைக் கிழித்து, சுவரிலிருந்த பாதுகாப்புப் பிரிவின் பூட்டுப் பெட்டிக்குள் அவன் கண்முன்னாலேயே போட்டாள். அவன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

பெட்டிகளைத் தள்ளுவண்டியிலேயே நிறுத்திவிட்டு, மேல் தாளை அவளே கொண்டுபோய் கேப்டனிடம் கொடுத்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். கேப்டன் இளம்பெண். படித்தாள், இறங்கி வந்தாள்.

"யாருங்க இத எழுதினது?"

"நான்தான். டைரக்டர்" என்றான் அவன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"இத்தன எடையோட நான் எடுக்கமாட்டேன். எடைய மீறச் சொல்லி எழுத்துல உத்தரவு போட்டிருக்கீங்க. இத நான் ரிப்போர்ட் பண்ணியாகணும்."

அவன் முகம் வெளுத்தது. கிலோ அக்காவை ஓரமாக அழைத்துப் போனான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் குரல் இறங்கியிருந்தது.

"அந்த நகலெல்லாம் எடுத்துக் குடுத்துடுங்கம்மா. கேப்டன்கிட்ட நான் பேசிக்கறேன். லிஸ்ட்ல உங்க பேருதான் முதல் பேரு. அந்தச் சிவப்பு மையையும் இல்லாம பண்ணிடறேன்."

"பெட்டிக்குள்ள போயிடுச்சு சார். சாவி என்கிட்ட இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அப்படி ஒரு சுகமாக இருந்தது.

பத்து நாளில் விசாரணை வைத்தார்கள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பெட்டி ஏறவேயில்லை, விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, வேலைப் பளுவில் ஒரே ஒரு தவறு என்று பூசி மெழுகினான். விசாரணை அதிகாரிக்கும் ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றுதான் எண்ணம். கடைசியாக, வழக்கத்துக்குக் கேட்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"இவர் இப்படிச் செஞ்சது இதுதானம்மா முதல் தடவ?"

அறையின் மறுபக்கத்திலிருந்து அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை. இவள் வாயைத் திறந்தால் இவள் வேலையும் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஒன்பது வருடமாக அந்தத் தைரியத்தில்தானே வாழ்ந்தான்!

"இல்ல சார்" என்றாள். டைல்ஸ் பெட்டியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப எடை அதிகம்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இத எழுதிட்டா உங்க வேலையும் போயிடும்."

"தெரிஞ்சேதான் போட்டேன். எழுதிக்குங்க" என்றாள் கிலோ அக்கா. நாற்காலியை இழுத்து நன்றாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "என் வேலை தனியா போகலையே சார், அவரோடதும் சேந்துதான போகுது."