வெள்ளை வளைவின் உச்சியில் மதினியும் நானும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியேறிய என் மகள், வரச் சொல்லி ஓயாமல் கூப்பிட்டாள். போன வருடம் நானும் அவளுடைய மாமியாரும் போனோம். என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடையை விட்டு நகர மாட்டார். சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்துக் கிராமமான பசுவந்தனை, ஆடும் மானாவாரி நிலமும் உள்ள குடும்பம்.

எங்கள் பக்கம் சம்பந்தியம்மாக்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம்; ஆனால் எங்கள் இருவருக்கும் பேச்சே இல்லை. கல்யாணத்தன்று அவர் ஊர் ஆட்கள் பந்தியில் உட்கார்ந்தபோது வடை தீர்ந்துவிட்டது. "எங்க ஆளுகன்னா இளப்பமா?" என்று மண்டபத்திலேயே சத்தம் போட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. அதோடு சரி. விமானத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனோம்.

டர்பன் கடற்கரையில், கொம்பும் பாசிமணியும் வைத்த பெரிய தலை அலங்காரத்தோடு ஒருவர் ரிக்‌ஷா இழுத்துக்கொண்டே துள்ளினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சம்பந்தியம்மாவும் சிரித்தார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பழைய கப்பல் மாதிரி கட்டிய மீன் காட்சியகத்தில் சுறா பார்த்தோம். படம் எடுக்கும்போதெல்லாம் மகள்தான் நடுவில் நின்றாள்.

மறுநாள் கால்பந்து மைதானம். அதன்மேல் ஒரு வெள்ளை வளைவு வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. வளைவின் முதுகில் ஒரு கண்ணாடி வண்டி ஏறும். மகள் அப்போது மாசமாக இருந்தாள்; மருமகனும் கூட வந்திருந்தார்.

"எனக்குத் தலை சுத்துதும்மா. இவிய என்கூட இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள்.

வண்டி கிளம்பியது. மொட்டைமாடி ஏணியிலேயே ஏறாதவள் நான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். காய்த்துப்போன ஒரு கை என் கையைப் பற்றியது.

"மதினி, கண்ணைத் தொறங்க. ஒண்ணும் ஆவாது."

"பயமா இருக்கு மதினி."

"எனக்குந்தான். அதான் உங்க கையப் பிடிச்சிருக்கேன்."

உச்சியில் இறங்கி நின்றோம். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் முடிவில்லாத கடல்.

"இந்தத் தண்ணிதான நம்ம தூத்துக்குடிக்கும் வருது?" என்றார். கடலைப் பார்த்தபடியே, "எங்க அண்ணன் எங்கயும் விசேஷத்துக்குப் போவாத மனுசன். அன்னைக்கு எனக்காவ வந்தாவ. அவிய எலையில வடை இல்லன்னதும் பொறுக்கல" என்றார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே சுட்டுக் கொண்டாந்திருப்பேனே மதினி!"

கீழே வந்தபோது கை கோத்திருந்தோம். மருமகன் எங்களையே வெறித்துப் பார்த்தார், மகள் அழுதுவிட்டாள்.

அடுத்து மசாலாக் கடைத்தெரு. குவித்திருந்த சிவப்புப் பொடியில் குத்தியிருந்த அட்டையைப் படித்துவிட்டு மகள் திருதிருவென விழித்தாள். கேட்டால், 'மாமியாரை ஒழிக்கும் பொடி' என்று எழுதியிருக்கிறதாம். மதினி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"நம்ம மொளகாவத்தல்ல பாதி உறைப்புகூட இல்ல. இதுக்கு எந்த மாமியாளும் சாவ மாட்டா. தைரியமா வாங்கு தாயி" என்றார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

இப்போது பேத்தி பிறந்துவிட்டாள். மதினி கோவில்பட்டிக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தாவரவியல் பூங்கா, துறைமுகம் என்று பார்க்காமல் விட்ட இடங்களை மகள் போனில் சொல்லச் சொல்ல, "அதெல்லாம் இருக்கட்டும், எப்பம் கெளம்புதோம்?" என்று என்னைத்தான் கேட்கிறார்.