அண்ணாவுக்கு நான் அனுப்பிய கடைசி வார்த்தைகள்

அம்மா இறந்தபோது கனடாவிலிருந்த அண்ணா வரவில்லை. வேலையில் லீவு கிடைக்காது என்றார். நினைவுப் பூசையில் வாசிக்கச் சொல்லி ஓர் இரங்கலுரையை மட்டும் என் போனுக்கு அனுப்பினார்.

அழகான தமிழ். நான் வாசிக்க வாசிக்க மாதா கோயிலில் சனம் மூக்கை உறிஞ்சியது. "விடியுமுன் எழுந்து அடுப்பூதி எங்களை வளர்த்த தாயே" என்ற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அம்மா துறைமுகத்துக் கந்தோரில் தட்டெழுத்தாளர். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு எப்போதும் பேக்கரிப் பாண்தான்.

பின்னேரம் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"அது நீங்கள் எழுதினதோ?"

"எனக்கெங்க நேரம்? ஏஐயிட்டச் சொன்னன், கண் மூடித் திறக்கத் தந்திட்டுது. நல்லா இருந்ததெல்லோ?"

"ஓம்" என்றேன்.

சில நாட்களின் பின் அவரே எடுத்தார். "அம்மா கடைசியில என்னைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

கதைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "பெரியவன்ர குரலைக் கேக்கவேணும், போனைத் தா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மறுபக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணியோடுதான் அம்மா, "சாப்பிட்டியோ ராசா?" என்று கதைத்தார்.

அதை அண்ணாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. "எழுதி அனுப்புறன்" என்றேன். அவர் பாவித்த அதே செயலியில், சாகப்போகும் தாய் தூரத்து மகனுக்கு என்ன சொல்லுவாள் என்று கேட்டேன். வந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன்: "மகனே, தூரம் நம்மைப் பிரிக்காது. உன் ஒவ்வொரு மூச்சிலும் நான் இருப்பேன்."

அதை வாசித்த அண்ணா போனில் விம்மி விம்மி அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனித்தது.

போன வருடம் ஊருக்கு வந்தவர், அந்த வரியைக் கறுப்பு மாபிள் கல்லில் வெட்டுவித்துச் சவக்காலையில் அம்மாவின் கல்லறையில் நட்டார். எழுத்துகளை விரலால் தடவி, "அம்மா இப்பிடியெல்லாம் கதைப்பா எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு, தங்கச்சி" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "பாவம் மனுசன். உண்மையைச் சொல்லிவிடன்."

"ஏலாது" என்று சொல்லிவிட்டு அண்ணாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.