மூடிட்டேன் சார்

மூடு என்ற சொல்லைப்போல ஆளை ஏமாற்றுகிற சொல் தமிழில் வேறு இல்லை என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். கடையை மூடினால் விளக்கு அணையும், வியாபாரம் நிற்கும், பூட்டு தொங்கும். மூடிவிட்டு வந்த இடத்தில் எதுவும் ஓடாது. எங்கள் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையின் பலனை ஒருத்தி மட்டும் அனுபவித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் முதலியார்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பிரான்சிலிருந்து பழைய பத்திரிகைகளின் பக்கங்களைப் படமாக அனுப்புவார்கள். நாங்கள் அதை எழுத்தாக மாற்றிக் கொடுப்போம். நான் கணக்குப் பார்த்தேன். அந்தப் பெண் சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கறவை மாடு. லேட்டாக வந்தால் நாங்கள் எல்லோரும் பஸ்மேல் பழி போடுவோம். அவள் மட்டும் முதலாளியிடம், "தூங்கிட்டேன் சார்" என்பாள். இப்படியும் ஒரு ஜென்மமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அந்த வருஷம் பெரிய வேலை ஒன்று வந்தது. எங்களிடம் இருந்த மெஷின்கள் தாங்காது. புதிதாக வாங்கவும் முதலாளியிடம் வழியில்லை. அப்போது யாரோ சொன்னார்கள் என்று ஒரு யோசனையோடு வந்தார். அமெரிக்காவில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களாம். கிளவுட் என்று பெயராம். மேகம்! மணிக்கு டீக்காசுதான், ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை என்றார். போனில் பிரான்சுக்காரர்களுக்குப் போன்ழூர் என்று வணக்கம் சொல்லும்போது எப்படி நிமிர்ந்து உட்காருவாரோ அப்படி உட்கார்ந்து சொன்னார்.

வாடகைக்கு எடுத்தது அவர். கார்டு அவருடையது, பாஸ்வேர்டும் அவரிடம்தான். அவளுக்கு அந்த மெஷின்களுக்குள் போகிற வழியை மட்டும் காட்டினார். அவள் கம்ப்யூட்டரில் வரிசையாக ஜன்னல்கள் திறக்கும். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் அமெரிக்காவில் இருக்கிற ஒரு மெஷின் தெரியும். வேலை முடிந்ததும் மேல்மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடச் சொன்னார். என் மேஜை அவள் மேஜைக்கு எதிரே. அவர் சொல்லிக்கொடுத்ததை நான் என் காதால் கேட்டேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் சாவியை ஆட்டிக்கொண்டே, மூடியாச்சா என்று கேட்பார். அவள் பெருக்கல் குறியை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, "மூடிட்டேன் சார்" என்பாள். அப்புறம்தான் கைப்பையை எடுப்பாள். 

முதல் மாத பில் வந்தது. கார்டிலிருந்து பணம் போன செய்தியைப் பார்த்ததும் அவருக்கு முகமே கறுத்துவிட்டது. பில்லை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். உள்ளே அனுப்பியதற்கு ஒரு விலை, வெளியே எடுத்ததற்கு ஒரு விலை, அங்கே வைத்திருந்த இடத்துக்கு ஒரு விலை. அதெல்லாம் சில்லறை. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஓடிய நேரம். மெஷின்கள் ராத்திரி பகல் பாராமல் ஓடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியிருந்தன. மாசி மகத்துக்கு லீவு விட்டு நாங்கள் கடற்கரையில் நின்றுகொண்டிருந்த அன்றும் ஓடியிருந்தன.

அவர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோர் எதிரிலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். தினமும் என்னிடம் பொய் சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறினாய் என்றார். அவள் அழவில்லை. "மூடிட்டேன் சார்" என்றாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். 

அவள் மூடியதை நான் பார்த்திருக்கிறேன் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் அமெரிக்காக்காரன் பொய் பில் போடுகிறானா என்று என்மேல் பாய்ந்தார். பில் எதிரே இருக்கிறது, அவள் மூடியதும் உண்மை. இரண்டும் எப்படிச் சேரும்?

அவள் அப்பாவை வரவழைத்தார்கள். செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு வந்தார். முதலாளி பில்லை அவர் கையில் கொடுத்து, பாதியாவது கட்டினால்தான் விடுவேன், இல்லாவிட்டால் போலீசில் சொல்வேன் என்றார். அந்த மனுஷனுக்கு அந்தத் தாளில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "மாடு போனா போவுது. பொய் சொல்றதுக்கு எங்கம்மா கத்துக்கின?" என்றார். அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. அந்த வாரமே மாட்டை விற்றுக் கொண்டுவந்து கட்டினார். அவள் வேலையும் போயிற்று.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அவள் இல்லாமல் பிரெஞ்சு வேலையே நின்றுபோய்விட்டது. அவள் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை, துணி போட்டு மூடி வைத்திருந்தோம். மறுமாதம் பில் வந்தது. முதல் தடவை மாத நடுவில் ஆரம்பித்தோம், இது முழு மாதத்துக்கு என்பதால் போன மாதத்தைவிடப் பெரிதாக வந்தது. ஆள் இல்லை, ஜன்னல் இல்லை, மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன.

இப்போது யார் சார் பொய் சொன்னது என்று கேட்டேன். அவர் பாஸ்வேர்டைக் கொடுத்தார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். மெஷின்களின் பட்டியல் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓடுகிறது என்று போட்டிருந்தது. நிறுத்துகிற பட்டன் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பெருக்கல் குறி ஜன்னலை மட்டும்தான் மூடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஷின் பாட்டுக்கு ஓடும். நிறுத்துகிற இடத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கக்கூடியவர் பில் வந்த பிறகும் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நானே நிறுத்தினேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். மூடினோம், நிறுத்தத் தெரியவில்லை என்று எழுதினேன். முதல் தடவை என்பதால் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. பணமும் வந்தது. மாட்டுப் பணத்தை எப்போது கொடுப்பீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அது வேறம்மா, இது வேற" என்றார்.

சண்டை போட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு பைசா பெயரவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா!

ஞாயிற்றுக்கிழமை சேதராப்பட்டுக்குப் போனேன். அங்கேயே ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். பணம் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "பரவால்லக்கா" என்றாள். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "நான் மூடுனேன்னு எங்கப்பாகிட்ட சொல்றீங்களா? அன்னையிலருந்து எங்கிட்ட பேசறதில்ல" என்றாள்.

அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மேகம், அமெரிக்கா என்றெல்லாம் சொல்லி அவரிடம் என்ன ஆகப்போகிறது? "மோட்டார் கொட்டாய்க் கதவைச் சாத்திட்டு வந்தா மோட்டார் நிக்குமாங்க?" என்று கேட்டேன்.

"அது எப்படி நிக்கும்?"

"இவகிட்ட கதவ மட்டுந்தான் காட்டியிருந்தாங்க. சுவிட்சு மொதலாளி ரூம்ல இருந்துது. இவ தெனமும் கதவ ஒழுங்கா சாத்திட்டுத்தான் வந்தா. நான் பாத்தேன்."

அவர் கதவோரம் நின்றவள் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொன்னேனேப்பா" என்றாள். "மூடிட்டேன்னுதான சொன்னேன்."