அத்தையின் காதும் இருநூற்றைம்பது சிசியும்

வாரத்தில் ஆறு நாள் என் அத்தை ஊரார் அழுக்கைப் போக்குகிறார். ஏழாம் நாள் தானே அழுக்காகிறார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. ஆள் உயர மிஷின்கள் பத்து அங்கே ஓடும். துணி பிழியும் மிஷின் முழு வேகத்தில் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லவேண்டுமானால் கத்தவேண்டும், அல்லது பிடித்துத் தள்ளவேண்டும். அத்தைக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். இருபத்தெட்டு வருட சர்வீஸ்.

ஏழாம் நாள் வேலை வீட்டின் முன்னறையில். கல்யாணமான புதிதில் அந்த அறையில் சோபா இருந்ததாம். இப்போது அது மாடியில் எங்கள் வீட்டில், கைப்பிடியில் கிரீஸ் கறையோடு கிடக்கிறது. அது இருந்த இடத்தில் பழைய மண்பாதை பைக்குகள் நிற்கின்றன. எல்லாம் ஒற்றை சிலிண்டர் வண்டிகள். யாரோ கொட்டகையில் கோழி அடைய விட்டிருந்த வண்டியை எடுத்து வருவார், கடைசி திருகு வரை பிரிப்பார், ஃபிரேமை வெட்டி ஒட்டுவார், பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரை முன்னால் நகர்த்துவார், ரேஸுக்கு அனுப்புவார்.

பேரிங் மாட்டுவதற்கு அவரிடம் ஒரு வழி உண்டு. பேரிங்கை ஃப்ரீஸரில் வைத்தால் இம்மியளவு சுருங்கும். அது உட்காரவேண்டிய அலுமினியக் கூட்டை அடுப்பில் சூடாக்கினால் இம்மியளவு விரியும். இரண்டையும் சேர்த்தால் சுத்தியலே வேண்டாம், டொக்கென்று போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை மாமா ஐஸ்கட்டி என்று நினைத்து ஒரு பேரிங்கை எலுமிச்சை ஜூஸில் போட்டுக் குடித்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும், ஜில்லென்றுதான் இருந்தது என்றார்.

மாமா பொது நூலகத்தில் நூலகர். முப்பது வருடம் மற்றவர்களை 'உஷ்' என்று அடக்கி அடக்கிக் கடைசியில் அவர் குரலே அடங்கிப்போனது. வீட்டில் தீப்பிடித்தால்கூட யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் சொல்வார். ஆனால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. மேட்டில் ஏறி ஆறடி உயரத்தில் பறந்து இறங்கும்போதும் அவர் கை ஆக்சிலேட்டரை விடாது. அத்தை செய்யும் வண்டியை ஓட்டுவது மாமாதான். ஐம்பது வயது, ஐம்பத்திரண்டு கிலோ.

இப்போதைய வண்டி அத்தையைவிட மூன்று வயது மூத்தது. இருநூற்றைம்பது சிசி, டூ ஸ்ட்ரோக். இஞ்சின் அடியில் கல் படாமல் காக்கும் தகடு, சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட மிஷின் உருளையிலிருந்து வெட்டியது. ஊர்ப்பட்ட ஓட்டையோடு பளபளவென்று இருக்கும். அதனால் பந்தயத்தில் எல்லோரும் அந்த வண்டியை 'வாஷிங் மிஷின்' என்பார்கள். அத்தைக்கு அதில் கோபமில்லை. முந்திக்கொண்டு போகும்போது துவைத்துவிட்டுப் போகிறது என்று அர்த்தம் சொல்வார்.

அந்த வட்டாரத்தில் அத்தையின் காதுக்குப் பெரிய பேர். கார்புரேட்டர் சரியான அளவு பெட்ரோல் விடுகிறதா என்று பார்க்க மற்றவர்கள் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்ப்பார்கள். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு, காப்பித்தூள் நிறம் என்றால் சரி. அத்தை பந்தயப் பாதையோரம் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்று, வண்டி கடக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். நிறம் பார்ப்பது காதில்லாதவர் வேலை என்பார். பெட்ரோல் குறைந்தால் விளையாட்டில்லை. இஞ்சின் கொதித்து, பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பட்டென்று நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொருவருக்கு அப்படி ஆகி, அவர் வண்டிக்கு முன்னால் போய் விழுந்தார். கழுத்தெலும்பு இரண்டு துண்டு.

இனி என் பங்கு. பிரித்தால் பாட்டுப் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்று எனக்குக் கிடைத்தது. அதன் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த பொத்தான் அளவு சமாசாரத்தை எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று மட்டும் சொல்லும்படி செய்தேன். படிப்பில் காட்டாத உழைப்பு அது. முன்னறை அலமாரிக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, அத்தை பைத்தியம் பிடித்து அலைவதைப் பார்க்க மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

மாமா பைத்தியம் பிடித்து அலைந்தார். டார்ச் எடுத்துக்கொண்டு எலியைத் தேடினார், கரண்ட் மீட்டரில் காதை வைத்துக் கேட்டார், தன் பல்லைக்கூடச் சந்தேகப்பட்டார். எதிர்வீட்டு நாய் மூன்று நாள் எங்கள் வாசலைப் பார்த்துக் குரைத்தது. அத்தை அலமாரிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சக்கரத்துக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். 'கீச்'. நிமிரவே இல்லை.

முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவருடைய இடதுபக்கம் நின்று, அவர் சமையலைப் பற்றி வெளியில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். அடி விழவில்லை. அட்டைப் பொத்தானைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டு, வலதுபக்கம் போய் நின்றேன்.

"அத்தை, உங்களுக்குக் காது கேக்கலையா?"

ஸ்பேனர் நின்றது. "யார்றா சொன்னது?"

"நானே கண்டுபிடிச்சேன்."

"இத்தனை நாள்ல நீ கண்டுபிடிச்ச ஒரே விஷயம் இதுதானா? இடது பக்கம் சுத்தமா கேக்கல. வலதுல தடதடன்னு பெரிய சத்தம் கேக்குது. மெல்லிசு எதுவும் கேக்கல. ஆறு மாசமா."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது." குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "அவர் ஆக்சிலேட்டரை முறுக்கறது என் காதை நம்பிடா. அது இல்லன்னு தெரிஞ்சா எதை நம்பி முறுக்குவார்? மூணு வாரத்துல ரேஸ். இருக்கிற காதை வெச்சு நான் பாத்துக்கறேன். வாயைத் திறந்தே, உன்னை பிழியற மிஷின்ல போட்டுருவேன்."

சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம் எனக்குப் புதிதில்லை. இது மட்டும் நிஜமாக வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரமே மாமா என்னை மாடிப்படியில் மடக்கினார்.

"டேய், உங்க அத்தைக்கு எம்மேல என்ன கோபம்?"

"கோபமா? தெரியலயே மாமா."

"நான் என்ன சொன்னாலும் பதில் இல்ல. நேத்து சாப்பிடறப்போ மூணு தடவை மன்னிப்பு கேட்டேன். பேசாம எழுந்து போயிட்டா." சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தத் தகடு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன்."

இஞ்சினில் இடைவெளி அளக்க, மயிரிழை கனத்தில் தகடுகள் கொண்ட கொத்து ஒன்று அத்தையிடம் உண்டு. அதில் ஒன்று கழன்று மேஜையில் கிடந்திருக்கிறது. மாமா அதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துவிட்டார். அது நூலகப் புத்தகம். யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிரிப்பும் வந்தது, உண்மையும் வாய்வரை வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு மேலே ஓடிவிட்டேன்.

பந்தயம் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில். மதியம் பந்தயம், காலையில் ஒத்திகை ஓட்டம். பழைய வண்டிப் பிரிவில் பதினொரு வண்டிகள். மாமா உதைத்தார், முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அத்தை பெட்ரோல் டாங்க்கின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். மாமா ஒருமுறை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

சத்தம் இறங்கவில்லை. கையை எடுத்த பிறகும் இஞ்சின் மேலேயே நின்று 'ஈஈ' என்று இழுத்துவிட்டு, மனமில்லாமல் இறங்கியது. எனக்கே கேட்டது. பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மாமாவும் ஒரு கணம் அத்தையைப் பார்த்தார்.

"பிரமாதம்," என்றார் அத்தை. "போங்க."

மாமா போனார். அந்தக் காதை அவ்வளவு நம்பினார். முதல் சுற்றில் எங்களைக் கடந்தபோது வண்டி கொசு மாதிரி மெல்லிசாகக் கத்தியது. பாதை குவாரியைச் சுற்றி வளைந்து, மறுபடி எங்கள் பக்கம் வந்துதான் பெரிய மேட்டில் ஏறும். அத்தையைப் பார்த்தேன். வண்டி போன திசையில் முகத்தை நீட்டி, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிற முகம் அது.

வலதுபக்கம் போய்ச் சொன்னேன். "அத்தை, கொசு மாதிரி கத்துது. கைய விட்டாலும் இறங்கல."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிடம் கயிற்றைத் தாண்டிப் பாதைக்கு நடுவில் நின்று, இடுப்பில் செருகியிருந்த துண்டை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தார். கொடி ஆட்டுகிறவர் விசில் ஊதினார். அத்தைக்கா கேட்கும்?

"அம்மா, இது ரேஸ்மா, பஸ் ஸ்டாப் இல்ல," என்று கத்திக்கொண்டே அவர் ஓடிவந்தார்.

இரண்டு வண்டிகள் அத்தையைச் சுற்றிக்கொண்டு போயின. மூன்றாவது வண்டி மாமாவுடையது. மேட்டுக்கு இருபதடி முன்னால் நின்றது. மாமா ஹெல்மெட்டைத் தூக்கி என்னவோ சொன்னார்.

"எதுன்னாலும் வலது பக்கம் வந்து சொல்லுங்க," என்றார் அத்தை. "இடது காது கேக்கல. வலது பாதிதான். ஆறு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லல. வண்டி தப்பா கத்துதாம், எனக்குத் தெரியல. இறங்குங்க."

குவாரியே கேட்டிருக்கும். மாமா வண்டியிலிருந்து இறங்கவில்லை. அத்தையையே பார்த்தார்.

"அப்போ எம்மேல கோபம் இல்லையா?"

"எதுக்குங்க கோபம்?"

"தகட்டுக்கு."

"என்ன தகடு?"

மாமா சொன்னார். வலது பக்கமாகக் குனிந்து, முழுக்கச் சொன்னார். அத்தையின் முகம் மாறியதைப் பார்க்கவேண்டும். "அந்தத் தகடா? ஒரு மாசமா வீட்டைத் தலைகீழா புரட்டறேன், இரவல் குடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"இப்போ கோபமா?"

"இப்போ கோபம்தான்."

மாமாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ரெண்டு பேரும் வீட்டுல போய்ப் பேசிக்குங்க," என்றார் கொடிக்காரர். ஒத்திகை எங்களுக்கு அத்தோடு முடிந்தது. மதியம் கடைசி இடத்திலிருந்துதான் கிளம்பவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் நேரான மண்சாலை ஒன்று இருந்தது. அத்தை கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக மாற்றினார். மாமா அதில் முழு வேகத்தில் போய், சட்டென்று இஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து உருண்டு வந்து நின்றார். அந்த வேகத்தில் எரிந்த நிறம் அப்படியே பிளக்கில் நிற்கவேண்டும் என்பதற்காக. அத்தை கழற்றிப் பார்த்தார். வெளுத்த விரிப்பு மாதிரி வெள்ளை. பெட்ரோலைக் கூட்டியும் வெள்ளை என்றால் எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அர்த்தம்.

"முறுக்கறப்போ எப்படி இருந்தது? சொல்லுங்க."

மாமா யோசித்தார். "கொஞ்சம் பதட்டமா இருந்தது."

"உங்களுக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குதான். சொல்ல வந்ததைச் சொல்லாம வேகவேகமா மூச்சு விடற மாதிரி."

அத்தை சிரிக்கவில்லை. கார்புரேட்டரை இஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் குழாயை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே வந்தார். கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு, நகம் நுழையும் அளவு. மாற்றுக் குழாய் இல்லை. கருவிப்பெட்டியைக் கவிழ்த்ததில் சலவைக்கூடத்துச் சுடுதண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று விழுந்தது. வெட்டினார், நுழைத்தார், இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார்.

"இது பெட்ரோலுக்குத் தாங்குமா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள்ல ஊறிப்போயிடும். நமக்கு இருபது நிமிஷம் போதும்."

புதுப் பிளக்கோடு மாமா மறுபடி போய்வந்தார். இந்தமுறை முறுக்கிக் கையை எடுத்ததும் சத்தம் சொன்னபேச்சுக் கேட்டு இறங்கியது. பிளக் லேசான பழுப்பு. அத்தை அதை வெயிலில் பிடித்து மூன்றுமுறை பார்த்தார், மாமாவிடம் காட்டினார், என்னிடம் காட்டினார், கேட்காமலே பக்கத்து வண்டிக்காரரிடமும் காட்டினார்.

பந்தயம் தொடங்கியபோது அத்தை கண்ணை மூடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேட்டுக்குமேல் அந்த ஓட்டைத் தகடு எழும்பும்போதெல்லாம் மூச்சை இழுத்தார், இறங்கியதும் விட்டார். எட்டுச் சுற்று. கடைசியில் கிளம்பிய மாமா ஆறாவதாக வந்தார். ஐந்து பேரைத் துவைத்திருந்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அத்தை பிளக்கைக் கழற்றிவிட்டார். நல்ல காப்பித்தூள்.

பைக்கை ஏற்றிக்கொண்டு போகும் வேனை எப்போதும் ஓட்டுவது அத்தைதான். மாமா அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்துதான் ஆறு மாதமாகப் பேசியிருக்கிறார். அன்று அத்தை சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு இடப்பக்க சீட்டில் ஏறினார். நான் பின்னால் வண்டியோடு வண்டியாக, ஹாண்டில்பாருக்கும் கதவுக்கும் நடுவில்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு காது டாக்டர்கிட்ட போறேன்," என்றார் அத்தை. "நீங்களும் வாங்க. அவர் சொல்றது கேக்கணுமே."

"சரி."

"இப்போ மொத சுத்துலேருந்து சொல்லுங்க. எப்படிக் கத்துச்சு?"

மாமா சொன்னார். இரண்டாவது மேட்டில் தொண்டையைச் செருமியதாம்.

"அது பெட்ரோல் துளி அதிகம். பரவால்ல. அப்புறம்?"

திருப்பத்தில் முணுமுணுத்ததாம்.

"முணுமுணுப்புன்னா எப்படி? செஞ்சு காட்டுங்க."

நூலகர் செய்து காட்டினார். நான் கதவில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் எட்டுச் சுற்றும் தீர்ந்துவிட்டது. இஞ்சினைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றுமில்லை.

"அப்புறம்?" என்றார் அத்தை.

மாமா கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, செவ்வாய்க்கிழமை நூலகத்தில் ஒருவர் நாற்காலியில் தூங்கி விழுந்த கதையை ஆரம்பித்தார்.